சிவந்த மேடும் சாம்பல் பள்ளமும்

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் பங்குனி மாதத்தில், நாஞ்சில் நாட்டுத் தாழ்ந்த வயல் ஒன்றில் இரண்டு முழ ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். மேல்மண் மங்கிய பழுப்பாக இருக்கும். அதில் பழைய நெல்வேர் ஓடிய தடங்களெல்லாம் துருப்பிடித்த கம்பிபோலச் செம்மஞ்சள் கோடுகளாகத் தெரியும். அதற்குக் கீழே மண்வெட்டிக்கு எளிதில் இடங்கொடாத கெட்டியான ஓர் அடுக்கு. அதையும் தாண்டினால் சாம்பல் நிறமோ, நீலம் கலந்த சாம்பல் நிறமோ கொண்ட மண் வருகின்றது.

அந்த வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மேட்டு விளையில் இதே போல வெட்டினால் மண் செக்கச் செவேலென்று இருக்கும். இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே மழைதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. மண்ணுக்குத் தாயான பாறையும் சார்னோகைட், நைஸ் முதலிய அதே பழம்பாறைதான். பள்ளத்து மண்ணில் பெரும்பகுதி மேட்டிலிருந்து அரித்து வந்ததே. சிவப்பாக இறங்கி வந்த மண் கீழே வந்து சாம்பலானது எப்படி?

இதற்கு விடை இரும்பில் இருக்கிறது. மண்ணின் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு தரும் நிறங்கள். மணல் துகள், களித்துகள் ஒவ்வொன்றின் மேலும் இந்த ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றது. காற்றுப் புகும் மண்ணில் இரும்பு ஃபெர்ரிக் நிலையில் இருக்கும். அந்நிலையில் அது நீரில் கரைவதில்லை. இருந்த இடத்தை விட்டு நகர்வதுமில்லை. எனவேதான் எத்தனை மழை பெய்தாலும் விளையின் சிவப்பு வெளுப்பதில்லை.

வயலில் நீர் நிறுத்திவிட்டால் கதை மாறுகின்றது. மண்ணின் நுண்துளைகளிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு நீர் அங்கே குடியேறுகின்றது. ஆக்சிஜன் காற்றினூடே பரவுவதைவிட நீரினூடே பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவானது. மண்ணிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களோ மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. மீதமிருக்கும் ஆக்சிஜன் ஓரிரு நாட்களிலேயே தீர்ந்துபோகும். அதன்பின் அவை என்ன செய்யும்? சோறு தீர்ந்த வீட்டில் கஞ்சி, கஞ்சியும் தீர்ந்தால் மரச்சீனிக் கிழங்கு என்று சமாளிப்பது போல, வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறு பொருள்களைப் பயன்படுத்திக்கொள்கின்றன. முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீஸ் ஆக்சைடு, அதற்கடுத்து இரும்பு. அதுவும் போதாதபோது சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். கடைசியில் மீத்தேன் என்னும் சதுப்பு வாயு. தொளிச் சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக எழுவதில் இவ்வாயு பெரும்பங்கு உண்டு.

இந்த வரிசையில் நமக்கு முக்கியமானது இரும்பின் முறை. ஃபெர்ரிக் இரும்பு நுண்ணுயிர்களால் ஃபெர்ரஸ் இரும்பாக மாறுகின்றது. ஃபெர்ரஸ் இரும்பு நீரில் கரையும், நீரோடு நகரும். துகள்களின் மேலிருந்த செந்நிறப் பூச்சு இவ்வாறு கழன்றுவிடவே, அடியிலிருந்த மணலின், களியின் இயற்கையான வெளிர்சாம்பல் நிறம் வெளியே தெரிகின்றது. சாயம் போன துணி என்றே கொள்ளலாம். கழன்ற இரும்பின் ஒரு பகுதி நீரோடு வெளியேறும். மற்றொரு பகுதி, வேர்த் தடம், மண்புழுத் துளை, வெடிப்பு என்று எங்கேனும் சிறிது காற்றுக் கிடைக்குமிடத்தை அடைந்து மறுபடியும் துருவாகப் படியும். குழியில் நாம் கண்ட செம்மஞ்சள் கோடுகள் இவைதாம். நெற்பயிர் தன் தண்டினுள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்கு ஆக்சிஜனை அனுப்பிக்கொள்ளும் திறமையுடையது. அந்த ஆக்சிஜன் வேரிலிருந்து சிறிது கசிவதால்தான் வேரைச் சுற்றித் துருவின் உறை உண்டாகின்றது. பிடுங்கிய நெல்வேர் சிவந்திருப்பதைக் கண்டு நோய் என்று அஞ்சவேண்டியதில்லை.

சில வயல்களில் நீர்மேல் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறத்தில் ஓர் ஏடு படியும். டிராக்டரிலிருந்து ஒழுகிய எண்ணெயோ என்று ஐயம் எழலாம். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயானால் கலைந்து மீண்டும் ஒன்று கூடும். இரும்பின் ஏடானால் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியே நிற்கும்.

நீர் நின்ற மண் என்றதும் கெட்ட மண் என்று எண்ணிவிடக் கூடாது. மழை மிகுந்த நிலத்து மண் பொதுவாகப் புளிப்புத் தன்மையுடையது. ஆனால் அத்தகைய மண்ணில் நீர் நிறுத்திய சில வாரங்களில் புளிப்புக் குறைந்து, பி.எச். அளவு 7-ஐ நெருங்குகின்றது. இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரசும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கின்றது. இந்த மாற்றங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும. நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை இன்றும் இத்துறை மாணவர்களின் பாடமாக உள்ளது.

நன்மைக்குப் பக்கத்திலேயே நட்டமும் உண்டு. வயல் ஒருமுறை காய்ந்து மறுமுறை நனைந்தால், காய்ந்தபோது உண்டான நைட்ரேட், நனைந்தபோது நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போவது இப்படித்தான். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில், செந்நிறச் சரளை மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஏலாக்களில் இன்னொரு தொல்லை நேரக்கூடும். மேட்டிலிருந்து ஊறி வரும் நீரோடு ஃபெர்ரஸ் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் நெல்லின் அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் பரவிப் பயிர் குன்றும். நீரை வடித்துச் சில நாள் காற்றாட விடுவதும், சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் இடுவதும் இதற்குப் பரிகாரம்.

பெயர் வைத்த கதை

இத்தகைய சாம்பல் மண்ணுக்கு ரஷ்ய அறிஞர் வைசோட்ஸ்கி 1905-இல் 'கிளெய்' என்று பெயரிட்டார். அது அந்நாட்டுக் குடியானவர்கள் வழங்கிய சொல். ஆங்கிலத்தில் களிமண்ணுக்குரிய சொல்லும் இதுவும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும் பொருள் வேறு. களியாக இல்லாத மணற்பாங்கான மண்ணும் கிளெய் ஆகலாம்.

வகைப்பாட்டை மேலும் வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். இல்லினாய், அயோவா மாநிலங்களின் பெரும் புல்வெளிகளில் நம் வயலைப் போன்ற ஒரு புதிரை அவர்கள் சந்தித்தார்கள். பண்டைப் பனிப்பாறைகள் சமன்படுத்திவிட்டுப் போன தட்டை நிலம் அது. பனி உருகும் வசந்தத்தில் பள்ளங்களில் நீர் வடியாமல் நிற்கும். ஆளுயரப் புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் மடிந்து, குளிரிலும் ஈரத்திலும் முழுவதும் மட்கிப்போகாமல் சேர்ந்ததால் மேல்மண் கன்னங்கரேலென்று இருந்தது. கீழே அதே சாம்பல் நிறம், அதே துருப்புள்ளிகள். 1938-இல் வெளியான அமெரிக்க வகைப்பாடு, 'புல்வெளி மண்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லால் இதை 'வீசன்போடன்' என்று அழைத்தது. 1949-இல் தார்ப், கை ஸ்மித் என்னும் இருவரும் அப்பெயரை மாற்றி, மட்கு மிகுந்ததை 'ஹியூமிக் கிளெய்' என்றும், மட்குக் குறைந்ததை வேறாகவும் பிரித்தனர். இதே கை ஸ்மித்தின் தலைமையில் உருவாகி 1975-இல் அச்சான புதிய வகைப்பாட்டில் பழைய பெயர்கள் எல்லாம் போய், பகுதி பகுதியாகச் சேர்த்துப் படிக்கும் பெயர்கள் வந்தன. நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'அக்வ்'. மென்மையான கருமண் வகுப்பாகிய மோலிசாலிலிருந்து 'ஓல்'. இரண்டும் சேர்ந்தால் அக்வோல். நீர் நின்ற கருமண் என்று பொருள். இல்லினாயின் பெயர்பெற்ற டிரம்மர் மண் இவ்வகையே.

நம் பள்ளத்து மண் அக்வோல் ஆகுமா? பெரும்பாலும் ஆகாது. ஈரம் இங்கும் உண்டு. ஆனால் நம் வெப்பத்தில் மட்கு தங்குவதில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இருபோகம் அறுத்து நெல்லையும் வைக்கோலையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். கருமையான தடித்த மேலடுக்கு உண்டாக வழியில்லை. ஆகவே இத்தகைய வயல் மண்கள் இளமண் வகுப்புகளில் அக்வெப்ட் என்றோ, அடுக்கே சரிவர உருவாகாத ஆற்றுவண்டலாயின் அக்வென்ட் என்றோ பெயர் பெறுகின்றன. 1976-இல் அமைந்த நாகபுரி தேசிய மண்ணாய்வு நிறுவனம் இந்திய மண் வரைபடங்களுக்கு இவ்வகைப்பாட்டையே பின்பற்றுகின்றது.

பெயரிடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. 'சாம்பல் நிறம்' என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பழுப்பாகத் தோன்றலாம். ஆகவே மண்ணாய்வாளர் மன்செல் நிற அட்டையை மண் கட்டியின் அருகே வைத்து ஒப்பிடுவர். அட்டையில் நிறச்செறிவுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் 2 அல்லது அதற்கும் குறைவாக இருந்து, துருப்புள்ளிகளும் கூடியிருந்தால், அங்கு நீர் நின்றதற்கு அது தக்க சான்று. பங்குனி வெயிலில் ஒரு சொட்டு நீரில்லாத குழியிலிருந்தே ஐப்பசி மாதத்து நீர்மட்டத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

மேலிருந்து வந்த ஈரமா, கீழிருந்து வந்த ஈரமா?

இல்லினாய்க்கும் நாஞ்சில் நாட்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்துக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தார்கள். மக்காச்சோளமும் சோயாமொச்சையும் அதன் பிறகுதான் அங்கே செழித்தன. இங்கே வரப்பு கட்டி நீரை நிறுத்தினோம். ஆறும் குளமும் கால்வாயும் பழமையானவை. அவற்றோடு 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீரும் சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் அதற்கு முன் எட்டாத வயல்களையும் நீர் எட்டியது.

சற்று உயர்ந்த வயல்களில் தொளியடித்துத் தொளியடித்து, உழுபடையும் கால்நடையும் மிதித்து, மேல்மண்ணுக்கு அடியில் இறுகிய தட்டு ஒன்று உருவாகின்றது. குழியில் மண்வெட்டியைத் தடுத்தது அதுதான். அது நீரை மேலேயே பிடித்துக்கொள்ளும். இத்தகைய வயலில் மேல்மண் சாம்பலாகவும், தட்டுக்குக் கீழே மண் பழையபடி பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். ஈரம் மேலிருந்து வந்தது, மனிதன் உண்டாக்கியது. பழையாற்றின் இருமருங்கிலும், தேரூர், சுசீந்திரம் குளங்களின் கீழும், மணக்குடிக் கழிமுகத்தை நோக்கிச் சரியும் பள்ளங்களிலும் ஈரம் கீழிருந்து, நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து எழுவது. அங்கே ஆழம் செல்லச் செல்லச் சாம்பல் நிறம் மிகும். முன்னதை 'எபி' என்றும் பின்னதை 'எண்டோ' என்றும் முன்னொட்டிட்டு வகைப்பாடு பிரிக்கின்றது. டிரம்மர் மண்ணின் முழுப்பெயரில் இருப்பது 'எண்டோ'.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதல்ல. மாவட்டத்தில் நெல்வயல் சுருங்கி, வாழையும் தென்னையும் வீட்டுமனையும் பெருகிவிட்டன. முதல் வகை வயலில் தட்டை உடைத்து வடிகால் வெட்டினால் வாழை நன்றாகவே வரும். இரண்டாம் வகையில் தட்டை உடைத்துப் பயனில்லை, நீர் அடியிலிருந்து வருகின்றதே. ஆழமான வடிகால் வெட்டி, மண்ணை மேட்டுப்பாத்தியாகக் கூட்டினாலொழிய வேருக்கு மூச்சில்லை. வீடு கட்டுவோர் இரண்டடி செம்மண் நிரப்பிவிட்டால் பள்ளம் மேடாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நிரப்பியது மேற்பரப்பை உயர்த்துமேயன்றி, நிலத்தடி நீரைத் தாழ்த்தாது. மழைக்காலத்தில் கழிவறைக் குழி நிரம்பி வழிவதும், சுவரின் அடியில் ஈரம் ஏறுவதும் பிறகு வரும் துன்பங்கள். அந்த வயலில் முன்பு தேங்கிய மழைநீருக்கும் வேறு இடம் வேண்டும். 2021 நவம்பர்ப் பெருமழையில் மாவட்டத்தின் தாழ்நிலங்கள் வெள்ளக்காடானதை மறந்திருக்க மாட்டோம்.

கடலோரத்துப் பள்ளங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. உப்புநீர் கலந்த சேற்றில் கந்தகம் இரும்போடு சேர்ந்து சல்பைடாகத் தங்கும். நீரை வடித்துக் காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். கேரளத்துக் குட்டநாட்டின் 'கரி' நிலங்களில் உழவர்கள் காலங்காலமாகப் போராடுவது இந்தப் புளிப்போடுதான்.

மனை வாங்குமுன்னோ தென்னங்கன்று வைக்குமுன்னோ செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. நிரப்பிய மண்ணைத் தாண்டி, பழைய வயல்மண் வரும்வரை வெட்டச் சொல்லுங்கள். நீலச்சாம்பல் நிறமுள்ள ஈரக்கட்டி ஒன்றை எடுத்து உடைத்து, உடைந்த முகம் காற்றில் படும்படி நிழலில் வையுங்கள். அரைமணி நேரத்துக்குள் அந்த முகம் பழுப்பு ஏறத் தொடங்கினால், ஃபெர்ரஸ் இரும்பு இன்னும் அதற்குள் இருக்கிறது. மண் இப்போதும் மூச்சின்றி நீரில்தான் கிடக்கிறது. பல நாள் வைத்தும் நிறம் மாறாமல் வெளிர்சாம்பலாகவே இருந்தால், அதன் இரும்பு எப்போதோ கரைந்து போய்விட்டது என்று பொருள். அவ்வாறு வெளுத்த மண், நீர் வடிந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அதே நிறத்தில் இருக்கக்கூடும். ஆகவே இந்த இரண்டாவது விடை கிடைத்தால் இன்றைய நீர்மட்டத்தை அதைக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. குழியை மூடாமல் வைத்திருந்து, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அதில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று பார்த்துக்கொள்ள வேண்டும்.