ஏக்கருக்கு நான்கு ரூபாய்: கிண்டி பந்தயத் திடலின் நிலக் கணக்கு

கடலோரச் சென்னையின் கிண்டி குதிரைப் பந்தயத் திடலைப் பற்றிப் பேசுவோர் பந்தயத்தையும் சூதாட்டத்தையுமே பேசுகின்றனர். நாம் நிலத்திலிருந்து தொடங்குவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1777-இல் அங்கு பந்தயம் தொடங்கியது. 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது. 1945-இல் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம் அக்கிளப்பிற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை.

1970 முதல் வாடகையை உயர்த்த அரசு முயன்றபோது, ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றது கிளப். பந்தயத்தை ஒழிக்க 1974-இலும், கிளப்பைக் கையகப்படுத்த 1986-இலும் சட்டங்கள் வந்தன. குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு எனக் கூறிய உச்ச நீதிமன்றம், 1996-இல் இரண்டாவது சட்டத்தை ரத்து செய்தது. பணமும் வழக்கறிஞர்களும் உள்ளவர்களுக்கு ஒரு பத்திரம் எவ்வளவு காலம் அரணாக நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு நில ஆவணத்தைப் பார்ப்போம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நில ஒப்படைப்புக்கு ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்பப் பெறலாம். நிபந்தனை தெளிவானது. ஆயினும் அந்நிலங்களின் பெரும்பகுதி பிறர் கைகளுக்குப் போயிற்று. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

கிண்டியிலோ, 1970 முதல் 2004 வரையிலான வாடகை நிலுவை 730.86 கோடி ரூபாயைச் செலுத்துமாறு 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. 9-ஆம் தேதி வருவாய்த் துறையினர் வாயில்களுக்கு முத்திரை வைத்தனர். 118 ஏக்கரில் பூங்கா அமைக்கவும் முடிவாயிற்று. ஆக, நிபந்தனையை மீறியவரிடமிருந்து நிலத்தை மீட்கும் வழி அரசுக்குத் தெரியாததல்ல.

திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நில மனுவோடு நிற்போருக்கு இந்த வரலாறு பயன்படும். தம் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. நிலம் எனக் குறிக்கப்பட்ட புல எண்களைத் தேடி எடுத்து, 1892 ஆணையின் நகலோடு மனுவில் இணைக்கட்டும். கிண்டியில் செய்ததை இங்கு ஏன் செய்யவில்லை என்பதற்கு எழுத்துமூலம் பதில் கேட்கட்டும்.