மழைமானிகள் பலவற்றை ஒருங்கே கண்காணித்தல்

மழையைத் தானே அளந்து, கைபேசிக் கோபுரங்களின் வழியாகத் தலைமைக் காரியாலயத்திற்குக் கணக்கனுப்பும் மழைமானிகள் தற்காலத்தில் அநேக ஊர்களில் நிறுவப்பட்டிருக்கின்றன. 2007-ஆம் வருஷத்தில் தொடங்கி 2016-இல் திருத்தியமைக்கப்பட்ட வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நஷ்டஈடானது வயலைப் பார்த்தன்று, குறித்த நிலையத்தின் வானிலைக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆதலின் ஒரு மானி பிழைபட்டால் அப்பகுதிக் குடியானவர் அனைவரையும் அது பாதிக்கும்.

ஒரு மானியைப் பார்த்துக்கொள்வது எளிது. ஆயிரம் மானிகளைப் பார்த்துக்கொள்வது முற்றிலும் வேறு தொழில். 15 நிமிஷத்திற்கு ஒரு முறை செய்தி வருமாயின் ஆயிரம் மானிகளிலிருந்து நாளொன்றுக்கு 96,000 செய்திகள் சேரும். கணிப்பொறியே இவற்றைச் சோதிக்க வேண்டும். அது ஒவ்வொரு கருவியையும் வரிசையாக அழைத்து விசாரிப்பது ஒரு முறை. பழுதான கருவி ஒன்றுக்கு 5 விநாடி காத்திருப்பதாயின், அத்தகையவை 100 இருந்தால் 8 நிமிஷத்திற்கு மேல் வீணாகும். ஆகவே பலவற்றை ஏககாலத்தில் அழைத்தல் வேண்டும். கருவியே குறித்த வேளையில் விழித்துச் செய்தி அனுப்பிவிட்டு உறங்குவது மற்றொரு முறை. மின்கலத்தால் இயங்குபவற்றுக்கு இதுவே உசிதம். ஒரு செய்தி தவறினால் பழுதென்று கொள்ளலாகாது. தொடர்ந்து மூன்று தவறினால் ஆளனுப்பலாம்.

60 மானிகள் ஒரே நேரத்தில் மௌனமானால், 60 பழுதுகள் நேர்ந்தன என்பதன்று. அவற்றுக்குப் பொதுவான கோபுரமோ நிலையமோ நின்றிருக்கும். மேல்மடை அடைபட்டிருக்க, ஒவ்வொரு வயலின் வாமடையையும் தோண்டிப் பார்ப்பாருண்டோ? எந்தக் கருவி எதனை நம்பியுள்ளது என்ற ஜாபிதா இல்லாவிடில், அதிகாரியின் கைபேசியில் 60 எச்சரிக்கைகள் குவியும். இவ்விதம் நாலைந்து தடவை நேர்ந்தால் அவர் எதையுமே பாராது விட்டுவிடுவார்.

மௌனமான கருவியைவிடப் பொய் சொல்லும் கருவியே அபாயகரமானது. இம்மானிகள் பலவற்றின் உள்ளே ஏற்றப்பலகைபோல் இரு சிறு கிண்ணங்கள் உண்டு, 0.2 அல்லது 0.5 மி.மீ. மழை சேர்ந்ததும் ஒன்று கவிழும், கணக்கில் ஒன்று ஏறும். புனலில் சருகு அடைத்துக்கொண்டால் கிண்ணம் அசையாது. கருவியோ வேளை தவறாமல் பூஜ்யம் என்றே அனுப்பும். கணிப்பொறியும் அதனை நலமெனக் கொள்ளும். பாதி அடைப்பாயின், மழை ஓய்ந்த பின்னும் வெகுநேரம் தூறல் பெய்ததாகக் காட்டும். அண்டை மானிகளோடு ஒப்பிடுவதே இதற்கு உபாயம். ஆயினும் கோடை இடிமழை ஓரூரில் பெய்து அடுத்த ஊரைத் தொடாமற் போவதுண்டாதலால், ஒரு நாள் வித்தியாசத்தைக்கொண்டு முடிவு செய்யலாகாது. பருவமழைக் காலத்தில் சுற்றிலும் 40 மி.மீ. பதிவாகியிருக்க, ஒன்று மட்டும் நாட்கணக்கில் பூஜ்யம் காட்டினால் ஐயமே வேண்டுவதில்லை. கணக்கோடு மின்கலத்தின் வோல்ட் அளவும் வருதல் நலம். அது நாளுக்கு நாள் இறங்கினால், பெரும்பாலும் சூரியப் பலகையில் தூசி படிந்திருக்கும்.

கிராம அதிகாரிகள் பருவமழைக்கு முன்னும், பின்னர் மாதமொரு முறையும் புனலைச் சோதிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். மரம், வைக்கோற்போர் முதலியன தம் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்காவது அப்பால் இருத்தல் அவசியம். தண்ணீர் ஊற்றிப் பார்க்க விரும்புவோர் முன்னதாகவே காரியாலயத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இன்றேல் மேகமற்ற நாளில் மழை பெய்ததாகக் கணக்கேறிவிடும். மிராசுதாரர்கள் சாதாரணக் கைமானி ஒன்றைத் தகுந்த இடத்தில் வைத்து, தினந்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, தேதியிட்டு நோட்டில் எழுதி வருவார்களாயின், யந்திரக் கணக்கில் தகராறு எழும்போது எடுத்துக் காட்டுவதற்கு அது உதவும்.