கையளவு ஆடுகளம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மேலேறிச் செல்லும் பாதை டயகமவை அடையும்போது, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தேயிலையே பசுமை பரப்பி நிற்கக் காண்கிறோம். கொழுந்து நிறுத்து முடித்துத் தாய்மார் லயத்துக்குத் திரும்பும் மாலை வேளையில், கில்லியும் சடுகுடுவும் எல்லேயுமாக லயத்து வாசல் ஆரவாரிப்பது முன்னாள் வழக்கம். அந்த ஆரவாரம் இன்று தணிந்திருக்கிறது. சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டிலே நான்கு சிறுவர் தோளோடு தோள் உரச அமர்ந்து, கைத்தொலைபேசியின்மேல் தலை கவிழ்ந்திருக்கின்றனர். வீடியோ விளையாட்டு நமது அன்றாட வாழ்விற் பெருகி வருகின்றதா என வினவுவோர்க்கு இக்காட்சியே விடையாகும்.

இவ்விளையாட்டு உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் 1972 இல் ‘பொங்’ என்னும் ஆட்டம் நாணயம் இட்டு ஆடும் பொறியாக வெளிவந்தது. 1997 இல் நொக்கியா தொலைபேசிக்குள் ஒரு பாம்பு புகுந்து, இரை தின்று நீளலாயிற்று. ஆயினும் இவையெல்லாம் நெடுங்காலம் நகரத்தார்க்கே உரியனவாய் இருந்தன. தேயிலை மலைக்கு அவை வந்த வழி வேறு. பாடமே அவற்றைக் கைப்பிடித்து அழைத்து வந்தது.

கொரோனா நோய் காரணமாக 2020 மார்ச்சில் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு வாட்ஸ்அப்பிலும் சூமிலும் நடைபெறும் என்றாயிற்று. தோட்டத் தொழிலாளர்க்கு நாட்கூலியாக 1000 ரூபா என்பதே, நெடும் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் விதிக்கப்பட்ட தொகை. அத்தகைய வருவாயில், கடன்பட்டேனும் பிள்ளைக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கித் தந்த பெற்றோரின் உள்ளத்தை நாம் மறத்தலாகாது. சிக்னல் தேடி மலையேறிய மாணவரின் அவலம் தோட்டங்களோடு நின்றதன்று. பதுளைப் பகுதியின் போஹிட்டியாவைக் கிராமத்து ஆசிரியரும் மாணவரும் காடு கடந்து பாறையேறிப் பாடம் பெற்ற செய்தி 2021 இல் உலகெங்கும் வெளியாயிற்று. பின்னர் பாடசாலைகள் திறந்தன. பாடம் வகுப்பறைக்குத் திரும்பிற்று. விளையாட்டோ கைத்தொலைபேசியிலேயே தங்கிவிட்டது.

அது தங்கியதற்குக் காரணங்கள் உண்டு. 2017 இல் வெளிவந்த ‘ஃபிரீ பயர்’ விலை குறைந்த கைத்தொலைபேசியிலும் இயங்கும்படி அமைந்தது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கிப் பொருத, இறுதிவரை எஞ்சுவோர் வெல்லும் இவ்வாட்டம் பத்து நிமிட அளவில் முடிந்துவிடும். தொடங்குவதற்குப் பணம் வேண்டா. பின்னர் உடைக்கும் அலங்காரத்திற்கும் ‘வைரம்’ வேண்டும், வைரத்திற்குக் காசு வேண்டும். இஃது ஒரு காரணம். மற்றது இடம். 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் வெள்ளையர் கட்டிய லயக்காம்பராவில் குடும்பமே அடங்கி வாழ்கிறது. வெளியே வந்தால், சமனான நிலமெல்லாம் பெரும்பாலும் தேயிலைக்கே உரியது. ஓடியாட நிலமற்ற பிள்ளைக்கு, உள்ளங்கையில் ஒரு தீவு கிடைக்கிறது. அவன் அதனை விடுவானா?

விளையாட்டைப் பழிப்பது தமிழ் மரபன்று. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியர். சிற்றிலும் சிறுதேரும் இன்றி ஆண்பாற் பிள்ளைத்தமிழ் இல்லை. மலையகத்துக்கோ இதில் இன்னுமொரு நியாயம் உண்டு. பள்ளி செல்லும் வயதிலே கொழுந்துக் கூடை சுமந்தவரும், கொழும்பு மாளிகைகளுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டுப் பிள்ளைப் பருவத்தையே இழந்தவரும் நம்மிடையே பலர். ஆகலின் ஒரு பிள்ளை விளையாடக் காணும்போது நமக்குச் சினம் பிறத்தல் முறையாகாது.

ஆயினும் அச்சம் ஒன்று உண்டு. அது வீணான அச்சமுமன்று. ஆட்டத்தை அடக்கியாள இயலாமை, பிற கடமைகள் அனைத்திற்கும் மேலாக அதனை மதித்தல், கேடு கண்டும் தொடர்தல் ஆகிய இயல்புகள் சேர்ந்து நிற்கும் நிலையை, 2019 இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டிலே உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகச் சேர்த்தது. ஆடுவோர் எல்லோரும் நோயாளர் என்பது இதன் கருத்தன்று. ஆனால் இரவிரவாய் ஆடிவிட்டு வகுப்பிலே கண்ணயரும் மாணவனை ஆசிரியர் பொருட்படுத்தாது விடலாகாது.

தடை விதித்தால் தீருமா? இந்தியா 2020 செப்டெம்பரில் ‘பப்ஜி’யையும் 2022 பெப்ரவரியில் ‘ஃபிரீ பய’ரையும் தடுத்தது. அவ்விரு தடைகளுக்கும் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பே, பிள்ளைகளின் நலமன்று. 2021 இலேயே ‘பப்ஜி’ வேறு பெயர் பூண்டு அங்கே திரும்பி வந்தது.

மலையகம் இழந்துவருவது எது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாசியிலே கம்பம் நாட்டிக் காமன் கூத்து ஆடும்போது தோட்டமே ஆடுகளமாகும். ஆடுவோருக்கு அடவு சொல்ல ஒரு முதியவர் இருப்பார்; தப்படிப்போர் இருப்பர்; பார்ப்போர் தவறைத் திருத்துவர். கில்லியிலும் தம்பிக்கு விதி சொல்ல அண்ணன் இருந்தான். இருட்டியதும் ஆட்டம் தானே முடிந்தது. கைத்தொலைபேசி விளையாட்டிலோ மூத்தோர்க்கு இடமில்லை. அதனை முடித்து வைக்க ஓர் அந்தியும் இல்லை. அந்த இடத்தில் நாம் சென்று நிற்றல் வேண்டும்.

ஆசிரியர் பெருமக்களே, கைத்தொலைபேசியைப் பறிப்பதற்கு முன், அதில் என்ன ஆடுகின்றாய் என்று மாணவனை ஒருமுறை கேளுங்கள். அவன் விளக்குவதைக் கேட்டபின், நீங்கள் ஆடிய ஆட்டத்தை அவனுக்குச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலையேனும் பாடசாலைத் திடலை அவனுக்குத் திறந்து வையுங்கள். தோட்டத்துப் பெரியோர் பிரட்டுக்களத்தையேனும் அந்தியிற் பிள்ளைகளுக்குக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஓட நிலமும் உடனாட ஆளும் கிடைத்த பின்னும் கைத்தொலைபேசியையே நாடும் பிள்ளையைக் கடிந்துகொள்ளலாம். அவையிரண்டையும் தாராமல் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை.