ஒரு கம்பனியின் வளர்ச்சியும் ஒரு மாணாக்கனின் கேள்வியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான மூன்றாம் நாள் மாலை, வாழைகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். படலையைத் திறந்துகொண்டு பையன் ஒருவன் வந்தான். நான் இளைப்பாறிய பின்பும் மாலை வேளைகளிற் கணக்குக் கேட்டு என்னிடம் வந்துபோனவன். பரீட்சையில் நன்றாகவே தேறியிருந்தான். ஆயினும் முகத்திலே மகிழ்ச்சியைக் காணவில்லை.

"சேர், கணினி படிச்சால் உத்தியோகம் நிச்சயமோ? இனி அந்த வேலையெல்லாம் இயந்திரமே செய்துபோடும் எண்டு சொல்லுகினம்" என்றான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். எத்தனையோ கேள்விகளுக்கு விடை கூறியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. "பொறு தம்பி, யோசித்துச் சொல்லுகிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஊகத்தினால் விடை சொல்லுவது கணித ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே, கணினித் தொழிலில் உலகளாவி வளர்ந்த ஒரு கம்பனியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து அறிய முற்பட்டேன். நான் தேர்ந்துகொண்டது கொக்னிசன்ட் என்னும் கம்பனியை. அதற்குக் காரணங்கள் இரண்டு. அது முளைத்தது நமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரிலே. அதனை நாட்டியவர்களுள் முதன்மையான குமார் மகாதேவா நம் இலங்கையிலே பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் ஹாவார்டிலும் கற்றவர்.

அமெரிக்காவிலே டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்றொரு பழைய ஸ்தாபனம் உண்டு. அதன் வேர் 1841ஆம் ஆண்டிலே நியூ யோர்க் நகரில் லூயிஸ் டப்பன் என்பார் தொடங்கிய வர்த்தக முகவர் நிலையத்திற் சென்று முடிகின்றது. இன்ன ஊரில் இன்ன வியாபாரிக்குக் கடன் கொடுக்கலாமா, அவன் நாணயம் எத்தகையது என்பவற்றை விசாரித்து எழுதி விற்பதே அதன் தொழில். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கனும் இளம் வழக்கறிஞராக இருந்த நாளில் அம்முகவர் நிலையத்துக்குத் தகவல் எழுதியவர்களுள் ஒருவர். செய்தியைச் சேர்த்து விற்கும் ஸ்தாபனத்துக்குக் கணினி வேலை மலைபோற் குவிவது இயல்பு. அவ்வேலையைக் குறைந்த செலவிற் செய்விக்க வேண்டி, 1994இல், இந்தியாவின் சத்யம் கம்பனியுடன் கூடிச் சென்னையில் ஒரு கிளையை அமைத்தார்கள். அமெரிக்கருக்கு 76 வீதம், சத்யத்துக்கு 24 வீதம் என்பது பங்கு.

இந்த ஆண்டைக் குறித்துக்கொண்டபோது என் எழுதுகோல் சற்று நின்றது. 1994இல் யாழ்ப்பாணத்தில் எமக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகையால், ஜாம் போத்தலில் அதனைச் சிறிது விட்டுப் பஞ்சு வைத்துத் திரியேற்றிய விளக்கிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். கணினி என்னும் சொல்லை அறிந்திருந்தோமே அன்றி அப்பொருளைக் கண்டவர் எம்முட் சிலரே. அதே வேளையிற் கடலுக்கு அப்பால், நம்மொழி பேசும் இளைஞர்கள் அமெரிக்க வியாபாரிகளின் கணக்குகளைத் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள்!

அது எவ்வாறு இயன்றது? சென்னைக்கும் நியூ யோர்க்குக்கும் நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்திற் பத்தரை மணி. அமெரிக்கர் மாலையிற் கந்தோரைப் பூட்டும்போது சென்னையில் விடியற்காலை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து இவர்கள் தொடங்கலாம். அவர்கள் விழித்தெழும்போது வேலை முடிந்திருக்கும். ஆயினும் தூரத்து வேலைக்கு ஒரு தொல்லை உண்டு. வேலை கொடுத்தவன் மனத்தில் இருப்பது ஒன்று, செய்பவன் விளங்கிக்கொள்வது வேறொன்று. இதனைத் தவிர்க்கக் கொக்னிசன்ட் ஒரு முறையைக் கைக்கொண்டது. ஒவ்வொரு வேலைக்கும் சமபொறுப்புள்ள இருவரை நியமித்து, ஒருவரை வாடிக்கையாளரின் பக்கத்திலும் மற்றவரை வேலை செய்வோரின் பக்கத்திலும் வைத்தது.

அவர்கள் செய்த வேலைதான் என்ன? புதியன புனைவது என்று பலர் எண்ணுவர். பெரும்பகுதி அதுவன்று. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் பல ஆண்டுகளுக்கு முன் எழுதுவித்த கணினி நிரல்களைப் பழுதுபார்த்துப் பேணுவதே பெரும்பகுதி. நம்மூர் வேலி அடைத்தலைப் போன்றது அது. ஆண்டுதோறும் எவரும் புதுவேலி போடுவதில்லை. உக்கிய ஓலையைக் கழற்றி, சாய்ந்த கதியாலை நிமிர்த்தி, வரிச்சுக் கட்டிவிடுகிறோம். பாட்டன் போட்ட வேலியின் முடிச்சு எப்படி விழுந்தது என்று தெரியாமற் பேரன் அதில் கை வைத்தால் வேலியே சரிந்துபோகும். பிறர் எழுதியதைப் பொறுமையோடு வாசித்து, அவர் எண்ணம் எவ்வழி சென்றது என்று அறியும் ஆற்றலே இத்தொழிலின் மூலதனம்.

அந்த ஆற்றலுக்கு ஒரு பெருந்தேவையும் அக்காலத்தில் வந்து வாய்த்தது. கணினியில் இடம் அருமையாக இருந்த காலத்து நிரல் எழுதியோர் ஆண்டைக் குறிக்க ஈற்று இரண்டு இலக்கங்களையே வைத்திருந்தார்கள். 1965 என்பதற்கு 65. 2000ஆம் ஆண்டு பிறந்தால் 00 என்பதைக் கணினி 1900 என்று கொள்ளும். வட்டியும் வயதும் ஓய்வூதியமும் தலைகீழாகும். உலகெங்கும் கோடிக்கணக்கான வரிகளை வாசித்துத் திருத்த வேண்டியதாயிற்று. 1998இன் தொடக்கத்திற் கொக்னிசன்டின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இத்திருத்த வேலையால் வந்தது. முடியும் நாள் முன்னமே குறிக்கப்பட்ட வேலை அது என்பதை மகாதேவா மறக்கவில்லை. ஓராண்டில் அப்பங்கு காற்பங்கு அளவாகக் குறைந்தது. நிரல்களைத் தொடர்ந்து பேணும் வேலையிலே கம்பனி ஊன்றி நின்றது. 2000 பிறந்த பின் உலகிற் பல கம்பனிகள் வேலையற்றுத் தவித்தபோதும் இது வளர்ந்ததற்கு இம்முன்யோசனை ஒரு காரணம்.

இதற்கிடையில் உரிமையும் பெயரும் மாறின. 1996இல் வெளியார் வேலைகளையும் ஏற்கத் தொடங்கியது. 1997இற் சத்யத்தின் பங்கு 34 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது. கொக்னிசன்ட் என்ற பெயரும் வந்தது. 1998 ஜூனில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இறங்கி 3 கோடியே 40 இலட்சம் டொலர் திரட்டியது. தலைமையகம் நியூ ஜேர்சி மாநிலத்திலே அமைந்தது. 2003இல் தாய்க் கம்பனியாகிய ஐ.எம்.எஸ். ஹெல்த் தன் பங்கைக் கைவிட, அது தனித்து நின்றது. அவ்வாண்டிலேயே மகாதேவா விலக, லட்சுமி நாராயணன் தலைவரானார். 2007இல் அப்பொறுப்பு பிரான்சிஸ்கோ டிசூசாவிடம் சென்றது.

வருமானக் கணக்கைப் பாருங்கள். 2002இல் 22 கோடியே 90 இலட்சம் டொலர். 2006இல் 142 கோடி. 2012இல் 730 கோடிக்கு மேல். 2024இல் ஏறத்தாழ 1,970 கோடி. 2011இல் அமெரிக்காவின் முதல் ஐந்நூறு பெருங்கம்பனிகளின் பட்டியலிலே அதன் பெயர் ஏறியது. இவ்வேகத்தின் இரகசியம் ஒன்றை அதன் கணக்குகளே சொல்லுகின்றன. அயலிலுள்ள பிற கம்பனிகள் கூடிய இலாபத்தைக் காட்டிய காலத்தில், இது வருமானத்தில் 19 முதல் 20 வீதத்தையே இயக்க இலாபமாக வைத்துக்கொண்டு மிகுதியை வாடிக்கையாளர் தேடுவதிலும் ஆள் சேர்ப்பதிலும் செலவிட்டது. விதைநெல்லைக் குற்றி உண்ணாத கமக்காரனின் விவேகம் அது.

வருமானத்தோடு கூடவே ஆட்தொகையும் ஏறியது. 2024இன் முடிவில் மூன்று இலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே ஊழியம் செய்தார்கள்; அவர்களுட் பெரும்பாலோர் இந்தியாவில். இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தோன்றியது. 1984 தொடக்கம் தமிழ்நாட்டிலே தனியார் பொறியியற் கல்லூரிகள் பெருகின. 1991இல் இந்தியா தன் பொருளாதாரக் கதவைத் திறந்தபோது, வேலைக்குக் காத்துநின்ற பட்டதாரிகள் ஆயிரமாயிரம். அமெரிக்கக் கம்பனி சென்னையிற் சுரங்கம் எதனையும் வெட்டவில்லை. பெயர் வெளியே தெரியாத கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலே வாத்திமார் தேடி வைத்த செல்வத்தையே எடுத்தது.

கண் வைத்தியத்துக்காக ஒருமுறை சென்னை சென்றிருந்தபோது, பழைய மாமல்லபுரம் வீதியிலே காலைப்பொழுதில் நின்று பார்த்தேன். கழுத்திலே அடையாள அட்டை தொங்க, இளைஞரும் யுவதிகளும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! அச்சம்பளத்திலே ஒரு தங்கையின் கலியாணம் நடந்திருக்கும்; ஓர் ஓட்டுவீடு எழுந்திருக்கும். இதனை அற்பமென்று தள்ளுவோர் வறுமையை அறியாதவர்.

எனினும் நிழலையும் சொல்லவேண்டும். சென்னையிற் கட்டிய வளாகத்துக்கு அனுமதி பெற இலஞ்சம் கொடுக்க உடன்பட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ்சாட்ட, 2019இல் கம்பனி அதனை ஏற்காமலும் மறுக்காமலும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டொலர் செலுத்தி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 2023இல், ஏறத்தாழ 3,500 பேரைக் குறைப்பதாகவும் ஒரு கோடியே பத்து இலட்சம் சதுர அடிக் கந்தோர் இடத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. இன்று நிரலின் வரிகளை இயந்திரமே எழுதுகின்றது. பத்துப் பேர் செய்ததை ஐவர் செய்யலாம் என்றால், தலைகளை எண்ணி வளர்ந்த தொழிலின் கணக்கே மாறுகின்றது. என் மாணாக்கன் கேட்டது வீண் அச்சமன்று.

ஜாம் போத்தல் விளக்கிலே என்னிடம் படித்த ஒருவன் இன்று இலண்டனிலே இத்தகைய வேறொரு கம்பனியில் இருக்கிறான். அவனுக்கு இக்கேள்வியை எழுதினேன். பதில் வந்தது. "சேர், விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் நீங்கள் புள்ளி தரமாட்டீர்கள். அது அப்போது எனக்குக் கோபம். இன்று இயந்திரம் ஒரு நொடியில் விடை தருகிறது. அந்த விடை எவ்வழியில் வந்தது, எந்த இடத்திற் பிழைத்தது என்று கண்டுபிடிப்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்" என்று எழுதியிருந்தான்.

அக்கடிதத்தை வாசித்தபின் என் மனம் ஒருவாறு தெளிந்தது. இத்தொழிலை வளர்த்தது பிறர் எண்ணத்தை வாசித்தறியும் பயிற்சியாயின், தொழில் மாறினாலும் அப்பயிற்சிக்குத் தேவை இருக்கும். ஆனால் மாதிரி விடைகளை மனனஞ்செய்வித்துப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பும் நாம் அப்பயிற்சியைக் கொடுக்கின்றோமா? இக்கேள்வியை என் சக ஆசிரியர்முன் வைக்கின்றேன். என்னையும் விலக்கி வைத்து அன்று.

பையன் மறுபடி வந்தான். "உத்தியோகம் நிச்சயமென்று நான் சொல்லமாட்டேன், தம்பி. அப்படிச் சொல்லுபவனை நம்பாதே. கணினி படி, கணிதத்தைக் கைவிடாதே" என்றேன். பிறகு, இளமையில் நான் எழுதி வைத்த நீண்ட நிறுவல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதிலே ஒரு பிழை உண்டு. எங்கே என்று கண்டுகொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். நான் அறிந்த பிழையைக் காட்டினான். பின்பு சற்றுத் தயங்கி, நான் அறியாத இன்னொன்றையும் காட்டினான்.