மீனுக்கு இட்ட இரை உடலில் சேருகிறதா?

கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் கலந்து குளத்தில் இடுவது, மீன் வளர்க்கும் நம் அங்கத்தினர் பலருக்கும் பழகிப்போன காரியம். மூட்டையின் விலையை நாம் கவனமாக விசாரிக்கிறோம். அதிலுள்ள புரதத்தில் எவ்வளவு மீனின் உடலில் சேருகிறது என்று விசாரிப்பவர் சிலரே. மீன் வளர்ப்புச் செலவில் பெரும் பகுதி இரைக்கே போவதால், இது நம் வரவு செலவைப் பற்றிய கேள்வியே ஆகும்.

முதலில் மீனின் வயிற்றைக் கவனிப்போம். விராலுக்கு இரைப்பை உண்டு. அங்கே சுரக்கும் அமிலமும் பெப்ஸினும் மாமிசப் புரதத்தைக் கரைக்கத் தொடங்குகின்றன. கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டை இனங்களுக்கோ இரைப்பையே கிடையாது. இரை நேரே நீண்ட குடலுக்குச் செல்கிறது. அங்கே டிரிப்ஸின் முதலிய ஜீரணப் பொருள்களே புரதத்தைப் பிரித்தாக வேண்டும்.

பச்சைச் சோயா மொச்சையில் டிரிப்ஸினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. பக்குவமாக வேகவைத்தால் அதன் வலிமை குன்றும். அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றினாலோ லைசின் என்னும் இன்றியமையாத புரதக்கூறு கெட்டுவிடும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலுள்ள காஸிபோல் என்னும் நச்சுப்பொருள் லைசினைப் பற்றிக்கொண்டு, மீனுக்குப் பயன்படாமற் செய்கிறது. கடலைப் பிண்ணாக்கு நன்றாக ஜீரணமாகும். எனினும் லைசினும் மெதியோனினும் அதில் குறைவு. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பூத்தால் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சும் சேரக்கூடும். மீன் தூளில் இக்குறைகள் இல்லை. ஆனால் விலை அதிகம்.

பட்டு நூல் எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவும் புரதம் மிகுந்த இரையே. அதன் மேல்தோலிலுள்ள கைட்டின் எளிதில் ஜீரணமாகாது. கொழுப்பும் மிகுதியாதலால் விரைவில் சிக்கு வாடை வீசும். எண்ணெய் நீக்கி உலர்த்திய தூளே மேலானது.

ஜீரணத்தை அளப்பது எவ்வாறு? குரோமிக் ஆக்ஸைடு என்னும் பச்சைத் தூளை இரையில் நூற்றுக்கு அரைப் பங்கோ ஒரு பங்கோ கலப்பார்கள். அது ஜீரணமாவதில்லை. கழிவில் அதன் விகிதம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையும், புரதம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையும் பார்த்துக் கணக்கிடுவார்கள்.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். ஓர் இரையில் 100 கிலோவுக்கு 40 கிலோ புரதம் இருந்து, பத்தில் எட்டுப் பங்கு ஜீரணமானால் மீனுக்குக் கிடைப்பது 32 கிலோ. மற்றொன்றில் 45 கிலோ இருந்தும் பாதியே ஜீரணமானால் கிடைப்பது 22½ கிலோதான். சீட்டில் உயர்ந்து காண்பது குளத்தில் தாழ்ந்துவிடுகிறது.

ஜீரணமாகாத பகுதியால் வரும் நஷ்டம் காசோடு நிற்பதில்லை. அது அடியில் அழுகி நீரின் பிராணவாயுவைக் குடிக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? ஆகையால் அங்கத்தினர்கள் ஒரே பிண்ணாக்கை நம்பாமல் ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடு செய்யவும், பூஞ்சணம் கண்ட மூட்டையை விலக்கவும் வேண்டுகிறோம். சங்கத்தின் மூலம் கூட்டாக இரை வாங்கும்போது, விலையோடு ஜீரணமாகும் புரதத்தின் அளவையும் கேட்டறிவது நம் கடமையாகும்.