பேரிடரும் குடும்பமும் – 8: திரும்பிப் பார்க்காமல் ஓடிய அப்பா

சென்ற வாரம் 1896 ஜூன் 15 இரவில் நிறுத்தியிருந்தோம். ஜப்பானின் வடகிழக்கே சன்ரிக்கு கடற்கரை. நிலம் லேசாகத்தான் ஆடியது. பண்டிகை நாள் வேறு. யாரும் எழுந்து ஓடவில்லை. அரை மணி நேரத்தில் வந்த அலை சுமார் 22,000 பேரை வாரிக்கொண்டு போனது. ரியோரி என்ற மீனவ ஊரில் தண்ணீர் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. அந்த ஊரில் ஒரே வம்சத்தில் ஒன்பது பேர் மாண்டார்கள். பெற்ற தாயைப் பறிகொடுத்துவிட்டு மிஞ்சிய மகன் ஒருவர் பின்னாளில் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, அதே ஊரில், அதே கடலோரத்தில் வாழ்ந்தார். அவருடைய கடைசிப் பையன் ஃபுமியோ யமஷிதா 1924-இல் பிறந்தவன்.

1933 மார்ச் 3, விடியற்காலை இரண்டரை மணி. வெளியே பனி. இந்த முறை நிலம் பலமாக ஆடியது. ஃபுமியோ அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒருவரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. அப்பா ஓடினார். அண்ணன்மார் ஓடினார்கள். கடைக்குட்டி என்ற சலுகை எதுவும் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு, பனி மூடிய மலைப்பாதையில் அந்தப் பையன் தனியாக ஓடினான். அன்று ரியோரியில் அலை 28 மீட்டருக்கு மேல் ஏறியது. சன்ரிக்கு முழுக்க இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 3,000 பேருக்கு மேல். அப்பா பிழைத்தார், அம்மா பிழைத்தார், பையனும் பிழைத்தான்.

அதோடு கதை முடியவில்லை. பெற்ற பிள்ளையை, அதுவும் சின்னவனை, விட்டுவிட்டு ஓடிய மனுஷன் என்று அம்மா பின்னாளில் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாராம். அப்பா ஒருமுறையும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரே சொல்லில் வாயடைப்பார்: ‘தெண்டென்கோ!’ அந்த வட்டார வழக்கில், அவரவர் தனித்தனியாக என்று பொருள். பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. தன் தாய் செத்த விதத்தைப் பார்த்த ஒருவர் எடுத்த முடிவு. ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நின்றால் குடும்பமே போய்விடும், ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு.

ஹாலிவுட் இதற்கு நேர் எதிரான அப்பாவைத்தான் நமக்குப் பழக்கியிருக்கிறது. ‘த டே ஆஃப்டர் டுமாரோ’ (2004) படத்தில் வேலை வேலை என்று மகனைக் கவனிக்காத விஞ்ஞானி, நியூயார்க்கில் சிக்கிக்கொண்ட பதினேழு வயது மகனைத் தேடி உறைபனியில் நடந்தே போகிறார். ‘சான் ஆண்ட்ரியாஸ்’ (2015) படத்தில் விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் அப்பா, நிலநடுக்கத்துக்கு நடுவே மகளை மீட்கப் புறப்படுகிறார். உலகம் இடிந்து விழுந்தால்தான் உடைந்த குடும்பம் ஒட்டும் என்பது இந்தப் படங்களின் எழுதாத விதி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் சுனாமிக் கரையில் பிள்ளையைத் தேடிக் கீழே இறங்கும் அப்பா பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. 2011-இல் அதே சன்ரிக்குக் கரையைத் தாக்கிய சுனாமியிலும் வீட்டில் இருப்பவர்களை அழைத்துவரப் போய் அலையில் சிக்கியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

ஃபுமியோ வளர்ந்து சுனாமி வரலாற்று ஆய்வாளரானார். 1990-இல், தாரோ என்ற ஊரில் கடலோர ஊராட்சிகள் கூடிய சுனாமி மாநாட்டில் அப்பாவின் அந்தச் சொல்லை எடுத்துச் சொன்னார். அங்கிருந்துதான் ‘சுனாமி தெண்டென்கோ’ ஜப்பான் முழுக்கப் பரவியது. தன்னைக் கைவிட்ட அப்பாவை மகன் மன்னித்தாரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அப்பாவின் அந்த ஓட்டத்தை அவர் ஊரார் உயிர் காக்கும் பாடமாக மாற்றினார். மன்னிப்பைவிட இது பெரிய காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாடம் வேலை செய்ததா? இனி பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்ப்போம்.

அதே சன்ரிக்குக் கரையில் உள்ள கமாய்ஷி நகரத்துக்கு 2004 முதலே வந்துபோய்க்கொண்டிருந்தவர், அப்போது குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தொஷிதகா கதாதா. பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்தார். அபாய வரைபடத்தை நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த உச்சத்தைச் செய், எல்லோருக்கும் முன்னால் நீ ஓடு என்று சொல்லிக்கொடுத்தார். அவர் தந்த இன்னொரு வேலை, என் கணக்கில், இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம், ‘சுனாமி வந்தால் நான் கட்டாயம் ஓடிவிடுவேன், என்னைத் தேடி வராதீர்கள், நீங்களும் ஓடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். பெற்றோர் அதை நம்ப வேண்டும்.

பதினாலு வயதுப் பிள்ளை அப்பாவிடம் இப்படி முகம் பார்த்துப் பேசுகிற வீடு நம்மில் எத்தனை? முகம் கொடுத்துப் பேசாத வீட்டில், அப்பா வேறு ஊரில் வேறு குடித்தனம் நடத்துகிற வீட்டில், இந்த வாக்கியத்தை யார் யாரிடம் சொல்வது? தெண்டென்கோவை ஈவு இரக்கமற்ற கொள்கை என்று திட்டுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. தனித்தனியாக ஓட வேண்டுமானால் முதலில் ஒருவரை ஒருவர் முழுக்க நம்பியிருக்க வேண்டும்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. நிலம் பலமாக ஆடியது. கமாய்ஷி கிழக்கு நடுநிலைப் பள்ளி அபாய வரைபடப்படி அலை எட்டாத இடம். மாணவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே உனோசுமாய் தொடக்கப் பள்ளி. அந்தக் குழந்தைகள் முதலில் மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் இறங்கிப் பின்னால் ஓடினார்கள். முன்பே குறித்து வைத்திருந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அதன் பின்புற மலைச்சரிவு உதிர்ந்துகொண்டிருந்தது. இங்கே நிற்கக் கூடாது என்று மேலே கிளம்பினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிய தள்ளுவண்டிகளை மேட்டில் தள்ளினார்கள். அடுத்த இடத்தை அடைந்து திரும்பியபோது ஊர் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டம், இன்னும் மேலே. இரண்டு பள்ளிகளும் நீரில் மூழ்கின.

நகரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேரில் இறந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரும் அன்று பள்ளிக்கு வராதவர்கள், அல்லது பள்ளியிலிருந்து கிளம்பிப் போய்விட்டவர்கள். பத்திரிகைகள் ‘கமாய்ஷி அற்புதம்’ என்று கொண்டாடின. அப்படிச் சொல்லாதீர்கள், பயிற்சி எடுத்தோம், ஓடினோம், அவ்வளவுதான் என்றார்கள் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிலேயே தாயையோ தந்தையையோ இழந்தவர்கள் உண்டு. அவர்கள் காதில் ‘அற்புதம்’ எப்படி விழுந்திருக்கும்? நகர நிர்வாகமும் பிற்பாடு அந்தச் சொல்லைக் கைவிட்டது.

கணக்கு எல்லா இடத்திலும் இப்படி நேராகிவிடவில்லை. அதே நாளில் இஷினோமாக்கியின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் ஏறக்குறைய 50 நிமிடம் பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பள்ளியை ஒட்டியே மலை. 108 பிள்ளைகளில் 74 பேர் போனார்கள், பத்து ஆசிரியர்களோடு. அங்கே பிழைத்தவர்களில் பெரும்பாலோர் தேடி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பெற்றோரின் பிள்ளைகள். வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் பெற்றோர் பக்கம் தீர்ந்தது. பள்ளி ஓடும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெற்றோர் தம் வழியில் ஓட முடியும். அது பொய்த்த இடத்தில் தெண்டென்கோவைப் பேசி என்ன பயன்?

கியோத்தோ பல்கலைக்கழகத்தின் கத்ஸுயா யமோரி இந்தக் கருத்தை விரிவாக ஆராய்ந்தவர். அவர் காட்டுகிற ஒரு பயன் நமக்கும் பொருந்தும். முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், மிஞ்சியவருடைய குற்ற உணர்வு கொஞ்சமாவது குறையும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் 6,065 பேர் இறந்தார்கள். சுமத்ராவில் நிலம் ஆடிச் சுமார் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அலை வந்தது. சொல்ல ஆளில்லை, ஏற்பாடும் இல்லை. இடுப்புக் குழந்தை நழுவிவிட்டதே, ஒரு பிள்ளையைப் பிடித்து இன்னொன்றை விட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் புலம்புகிற தாய்மார்கள் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை.

ஃபுமியோ யமஷிதாவுக்கு வருவோம். 2011 மார்ச்சில் அவருக்கு வயது 87. ரிகுசென்தகாதா நகரில் இருந்த மாகாண மருத்துவமனையின் நான்காம் மாடியில் படுத்திருந்தார். நான்காம் மாடிக்கு அலை வராது என்று நினைத்தார்; வாழ்நாளெல்லாம் ஆராய்ந்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற ஆசையும் இருந்தது. ஊரையெல்லாம் ஓடச் சொன்ன மனிதர் தான் ஓடவில்லை. ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் கழுத்துவரை ஏறியது. திரைச்சீலையைக் கையில் சுற்றிக்கொண்டு தொங்கியே பிழைத்தார். பிறகு ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் காலமானார்.

கடலோரத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், கணவன் மனைவி பிரிந்து இரண்டு வீட்டில் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசி முடித்துவிடுங்கள்: அலை வந்தால் யார் எந்த மேட்டுக்கு ஓடுவது, பிறகு எங்கே சந்திப்பது, நடக்க முடியாத பாட்டியை யார் பார்த்துக்கொள்வது. நேரில் பேச வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

(தொடரும்)