ஒரே குழிக்குப் போட்டியிடும் ஹார்மோனும் மாத்திரையும்

மார்பகப் புற்றுநோய்க்கான பயாப்சி அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரிகள் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் அந்தச் செல்களில் உண்டா என்பதை முதல் வரி சொல்லும். இரண்டாவது, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி. அது எதற்கு? அந்த ஏற்பிக்கான மரபணுவை முடுக்கிவிடுவதே ஈஸ்ட்ரோஜன்தான். பி.ஆர். இருந்தால், ஈ.ஆர். சும்மா கிடக்கவில்லை, வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் போய் ஏதோ வேதிவினையில் கலந்து உருமாறிவிடுகிறது என்றுதான் 1950-களில் பலரும் நினைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த எஸ்ட்ராடையாலை (ஈஸ்ட்ரோஜன்களில் வலுவானது இது) இளம் பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கருப்பை அதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. ஹார்மோனும் உருமாறாமல் அப்படியே இருந்தது. அப்படியானால், பிடித்து வைக்க அங்கே ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். ஏற்பி இப்படித்தான் பிடிபட்டது.

இந்த ஏற்பி பெரும்பாலும் செல்லின் உட்கருவிலேயே இருக்கிறது. எஸ்ட்ராடையால் அதன் குழிக்குள் நுழைந்ததும், புரதத்தின் 12-ஆவது சுருள் டப்பா மூடிபோல மேலே வந்து படிகிறது. மூடி சரியாகப் படிந்தால்தான் அருகில் ஒரு பள்ளம் உருவாகும். துணைப் புரதங்கள் வந்து ஒட்டுவது அங்கேதான். டி.என்.ஏ.வைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் பிடியை அவை தளர்த்தியதும் மரபணு படியெடுக்கப்படுகிறது. ஏற்பி டி.என்.ஏ.வில் நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடவும் முடியாது. பல இடங்களில் ஃபாக்ஸ்ஏ1 என்ற புரதம் முன்னதாகப் போய் வழி திறந்திருக்க வேண்டும். அந்த இடங்களில் பெரும்பாலானவை மரபணுவின் தொடக்கத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பவை, டி.என்.ஏ. வளைந்து இரண்டையும் சேர்த்துவைக்கிறது.

இயல்பான மார்பகத்தில் ஏற்பி உள்ள செல்கள் பெரும்பாலும் தாங்கள் பிரிவதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி அனுப்புவதோடு சரி. புற்றுநோயில் இந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. சைக்ளின் டி1 போன்ற, செல் பிரிவைத் தூண்டும் மரபணுக்கள் முடுக்கப்பட, ஏற்பி உள்ள செல்லே பெருகத் தொடங்குகிறது.

டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை இங்கேதான் குறுக்கிடுகிறது. 1960-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கருத்தடை மருந்து தேடியபோது கிடைத்து, அந்த வேலைக்கு உதவாமல் போன மூலக்கூறு அது. ஹார்மோன் நுழையும் அதே குழிக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதன் நீண்ட பக்கக்கிளை துருத்திக்கொண்டு மூடியைப் படியவிடாது. ஒதுக்கப்பட்ட மூடியோ, துணைப் புரதங்களுக்கான பள்ளத்தையே போய் அடைத்துக்கொள்கிறது. இவ்வளவு கச்சிதமான தடுப்பை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. சில நோயாளிகளில் ஏற்பியின் மரபணுவே பிறழ்ந்து, ஹார்மோன் இல்லாமலே மூடி படிந்துவிடுவதும் உண்டு. ஹார்மோன் சிகிச்சைக்குப் புற்று அடங்காமல் போக அது ஒரு காரணம்.

கருப்பையில் துணைப் புரதங்களின் சேர்க்கை வேறு. அதனால் இதே மாத்திரை அங்கே ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கான வாய்ப்பையும் சற்றுக் கூட்டும். மாதவிடாய் நின்றவர்கள் டமாக்சிஃபென் சாப்பிடும்போது ரத்தப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.